ஓய்ந்த கால்கள், ஓயாத பணி

நாமக்கல் மாவட்டத்துச் சமவெளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து மேலே சென்றால் மிளகுக் கொடிகளும், அன்னாசித் தோட்டங்களும், சாமையும் தினையும் விளையும் சரிவுகளும் கண்ணுக்கு விருந்தாகின்றன. ஆனால் சமதரை அங்கே அரிய பொருள். கிடைத்த சமதரையைப் பயிருக்கும் வீட்டுக்கும் கொடுத்தபின் எஞ்சும் துண்டு நிலத்தில்தான் மலைச் சிறுவர் பந்தாட வேண்டும். எல்லையைத் தாண்டிய பந்து சரிவில் உருண்டு ஓடிவிட்டால், அதைத் தேடி எடுத்து வரும்வரை ஆட்டம் நின்றிருக்கும். அவ்வாறு இறங்கி ஏறும் சிறுவனின் கால்களில் ஊறும் வலிமையை எந்தப் பயிற்சிக் கூடமும் எளிதில் தந்துவிட இயலாது.

ஆயினும் பெற்றோருக்கு ஒரு கவலை உண்டு. அது மலைமீது வாழ்வோருக்கு மட்டும் உரியதன்று. சமவெளிப் பங்குகளில் வாழும் குடும்பங்களுக்கும் பொதுவானது. “பந்து சோறு போடுமா? இருபது வயதில் ஓடுகிறவன் நாற்பது வயதில் என்ன செய்வான்? முழங்கால் முறிந்தால் யார் துணை?” என்று தந்தை கேட்கிறார். தாய் வாய் திறவாமல் அதையே நினைக்கிறாள். இது நியாயமான கேள்வி. இதனை வெறும் புகழுரையால் மழுப்பிவிடலாகாது.

இக்கேள்விக்கு விடை தேடும்போது, வங்க மண்ணில் பிறந்த ஒருவரின் வாழ்வு நம் கண்முன் வந்து நிற்கிறது. அவர் தமிழர் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். எனினும் இறைவன் அளித்த தாலந்தைப் புதைத்து வைக்காமல் பெருக்கிய ஊழியனைப் பற்றி ஆண்டவர் இயேசு சொன்ன உவமையை நினைவூட்டும் வாழ்வு அவருடையது. அவர்தாம் பிரதீப் குமார் பானர்ஜி. இந்தியக் கால்பந்து உலகம் அவரைப் ‘பி.கே.’ என்ற இரண்டெழுத்தாலேயே அறிந்திருந்தது. முதலில் காலால் விளையாடினார்; பின்னர் பிறரை விளையாட வைத்தார்; இறுதிவரை தம் சொல்லால் ஆட்டத்தின் பெருமையை மக்களுக்கு உணர்த்தினார். இம்மூன்று பணிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

ரெயில்வே ஊழியரின் பந்து

பி.கே. 1936 ஜூன் 23 அன்று வங்கத்தின் வடபகுதியான ஜல்பாய்குரியை அடுத்த மொய்னாகுரியில் பிறந்தார். குடும்பம் பின்னர் இரும்பாலை நகரமான ஜாம்ஷெட்பூருக்குக் குடிபெயர்ந்தது. தொழிலாளர் குடியிருப்புகளும் திறந்த மைதானங்களும் நிறைந்த அந்நகரில் அவரது ஆட்டம் வளர்ந்தது. பதினைந்தாம் வயதிலேயே பீகார் மாநில அணிக்காகச் சந்தோஷ் கோப்பைப் போட்டியில் ஆடும் வாய்ப்புக் கிட்டியது. முன்கள வரிசையில் வலது ஓரத்தில் நின்று, பந்தை விரைந்து கடத்திச் சென்று, எதிர்பாராத நேரத்தில் வலிமையுடன் அடிப்பதே அவரது ஆட்டமுறை.

1954-இல் அவர் கல்கத்தா சென்று ஆரியன் கழகத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே ஈஸ்டர்ன் ரெயில்வே அணிக்கு மாறினார். அக்காலக் கல்கத்தாவில் கால்பந்து என்றால் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெருங்கழகங்களே மக்கள் நெஞ்சில் நிறைந்திருந்தன. புகழ் வேண்டுமாயின் அங்கே போக வேண்டும். ஆனால் பி.கே. ஆட்டக்காரராக இருந்த நாள் முழுவதும் அம்மூன்றில் எதற்கும் ஆடவில்லை. ரெயில்வே அணியிலேயே நிலைத்து நின்றார். கைநிறையப் புகழைக் காட்டிலும் மாதந்தோறும் வரும் ஊதியம் குடும்பத்தைக் காக்கும் என்பதை நம் பெற்றோர் நன்கு அறிவார்கள். வேலையும் விளையாட்டும் பகையல்ல என்பதற்கு அந்த ரெயில்வே அணியே சான்று.

அந்த உறுதிக்குப் பலனும் கிட்டியது. 1958-இல் ஈஸ்டர்ன் ரெயில்வே அணி கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அதன்பின் மூன்று பெருங்கழகங்களைச் சாராத வேறோர் அணி அப்பட்டத்தைப் பெற 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 61 ஆண்டுகள் அவ்வெற்றியின் அருமையைக் கூறும்.

நாட்டின் சட்டை அணிந்தபோது

1956-ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதியை எட்டியது. அன்று மூன்று கோல் அடித்தவர் கோவா வழிவந்த நெவில் டிசூசா. ஒலிம்பிக் ஆட்டமொன்றில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அணி இறுதியில் நான்காம் இடம் பெற்றது. இருபது வயது பி.கே. அந்த அணியில் இருந்தார்.

1960-இல் ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக்கில் அவரே அணித்தலைவர். அங்கேரியிடம் 1-2 எனத் தோற்ற இந்தியா, பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. பிரான்சுக்கு எதிரான அந்தக் கோல் பி.கே.யின் காலிலிருந்து பிறந்தது. நம் தமிழகத்துச் சைமன் சுந்தர்ராஜும் ரோம் சென்ற அணியில் இடம்பெற்றிருந்தார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. அவரும் பின்னாளில் பயிற்சியாளராகி, 1973-இல் கேரள அணி முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வெல்ல வழிகாட்டினார்.

பி.கே.யின் ஆட்ட வாழ்வில் மணிமுடியாக அமைந்தது 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. தொடக்கம் நன்றாக இல்லை. முதல் ஆட்டத்தில் தென் கொரியா இந்தியாவை 2-0 என வென்றது. பின்னர் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று இந்தியா முன்னேறியது. தாய்லாந்துடன் ஆடியபோது காப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம். தையல் போட வேண்டியதாயிற்று. அவர் தலைக்கட்டுடன் மீண்டும் களமிறங்கினார், அதுவும் முன்கள ஆட்டக்காரராக!

செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதியாட்டத்தில் மீண்டும் அதே தென் கொரியா. அரங்கை நிறைத்திருந்த பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அழைக்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால் எழுந்த சினம் அது. அந்த ஆரவாரத்தினிடையே 17-ஆம் நிமிடத்தில் பி.கே. முதல் கோலை அடித்தார். சிறிது நேரத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவதை அடித்தார். 2-1 என வென்ற இந்தியா தங்கம் பெற்றது. கோல் வாயிலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். இந்து, இஸ்லாமியர், சீக்கியர், கிறிஸ்தவர் எனப் பல சமயத்தார் ஒரே சட்டை அணிந்து ஒருவருக்காக ஒருவர் ஓடிய நாள் அது.

அந்த அணியை உருவாக்கியவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் என்ற பயிற்சியாளர். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். இறுதியாட்டத்திற்கு முந்தைய இரவு, தமக்குத் தங்கத்தைப் பரிசாகத் தர வேண்டுமெனத் தம் வீரர்களிடம் அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வர். அடுத்த ஆண்டு ஜூன் திங்களில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. தங்கப் பதக்கத்துடன், ஓர் ஆசிரியர் தம் பிள்ளைகளிடம் பேசும் விதத்தையும் பி.கே. அவரிடமிருந்து பெற்றுக்கொண்டார் என்று கூறினால் அது மிகையாகாது.

கால் ஓய்ந்தபோது

1961-இல் அர்ச்சுனா விருது தொடங்கப்பெற்றபோது அதனைப் பெற்ற முதல் கால்பந்து வீரர் பி.கே. ஆனால் விருது காயத்தைத் தடுக்காது. அடுத்தடுத்து வந்த காயங்களால் 1967-இல் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 31. மற்றத் தொழில் செய்வோர் தலையெடுக்கத் தொடங்கும் வயது அது, ஆட்டக்காரனுக்கோ அந்திப்பொழுது. பெற்றோர் அஞ்சும் அந்த நாள் இதுவே. கைதட்டல் நின்றுவிட்டது, காலை எழுந்தால் ஓட வேண்டிய மைதானம் இல்லை. இந்த வெறுமையில் எத்தனையோ வீரர்கள் திசை தவறியிருக்கின்றனர்.

பி.கே. மைதானத்தை விட்டு விலகவில்லை. கோட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டார். 1970-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ஜி. எம். எச். பாஷாவுடன் இணைந்து இந்திய அணிக்குப் பயிற்சியளித்தார். சையது நயீமுத்தீன் தலைமையில் சென்ற அந்த அணி, ஜப்பானை வென்று வெண்கலம் பெற்றது. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கால்பந்தில் இந்தியா அதன்பின் பதக்கம் எதையும் கண்டதில்லை.

1972-இல் ஈஸ்ட் பெங்கால் கழகம் அவரைப் பயிற்சியாளராக அழைத்தது. 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற அக்கழகத்தின் கடைசி நான்கு பட்டங்கள் அவர் காலத்தவை. 1975-ஆம் ஆண்டு ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் தன் பரம எதிரியான மோகன் பகானை 5-0 என வீழ்த்தியது.

மறு ஆண்டு நடந்ததோ பலரும் எதிர்பாராதது. ஐந்து கோல் வாங்கிய அதே மோகன் பகான் அவரைப் பயிற்சியாளராக ஏற்றுக்கொண்டது! 1977-இல் அக்கழகம் ஷீல்டு, ரோவர்ஸ், டூராண்டு ஆகிய மூன்று கோப்பைகளையும் ஒரே பருவத்தில் வென்றது. அவ்வாண்டு செப்டம்பர் 24 அன்று, உலகப் புகழ்பெற்ற பெலே தம் நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் கல்கத்தா ஈடன் தோட்டத்திற்கு வந்தார். மழையில் ஊறிய தரையில் மோகன் பகான் அந்த அணியை 2-2 எனச் சமன் செய்து அனுப்பியது. பி.கே.யின் தம்பி பிரசூன் பானர்ஜியும் அன்று மோகன் பகான் அணியில் ஆடினார்.

ஆட்டக்காரராக எந்தக் கழகத்தின் வாயிலையும் மிதிக்கவில்லையோ, அவ்விரு கழகங்களுமே அவரைத் தம் ஆசானாகக் கொண்டாடின. அவர் கால் தேடிச் செல்லாத பெருமை, அவர் கற்பித்த கல்வியைத் தேடி வந்தது.

சொல் என்னும் மருந்து

பயிற்சியாளர் பி.கே.யிடம் பிறரிடம் காணாத ஒரு சிறப்பு இருந்தது. அது அவருடைய பேச்சு. ஆட்டத்திற்கு முன் வீரர்களை உட்காரவைத்து அவர் பேசும் பேச்சைப் பத்திரிகைகள் ‘வோக்கல் டானிக்’ என்று அழைத்தன. நம் மொழியில் ‘வாய்ச்சொல் மருந்து’ எனலாம். சோர்ந்திருப்பவனை நிமிரச் செய்வதும், அஞ்சுகிறவனுக்கு அவன் வலிமையை நினைவூட்டுவதும் அம்மருந்தின் இயல்பு.

இதற்குச் சுபாஷ் பௌமிக் ஒரு நல்ல சான்று. 1970-இல் வெண்கலம் வென்ற அணியில் இருந்த இந்த முன்கள ஆட்டக்காரர், பின்னர் தளர்ந்து, மோகன் பகானால் கைவிடப்பட்ட நிலையில் 1973-இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். இனி இவரால் பயனில்லை என்று பலர் எண்ணியபோது, பி.கே. அவரை ஏற்று, உழைக்க வைத்து, மீண்டும் களத்தில் சிங்கமாக உலவச் செய்தார். காலம் சுழன்றது. பௌமிக்கும் பயிற்சியாளரானார். 2003-இல் அவர் பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கழகங்களுக்கான கோப்பையை வெளிநாட்டு மண்ணில் வென்றது. ரகீமிடமிருந்து பி.கே.; பி.கே.யிடமிருந்து பௌமிக். தீபத்திலிருந்து தீபம் ஏற்றினால் முதல் தீபம் குறைவதில்லை.

1997 ஜூலை 13 அன்று நடந்ததையும் குறிப்பிடுவோம். பெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. கல்கத்தா சால்ட் லேக் அரங்கில் 1,31,000 பேர் திரண்டிருந்தனர். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, தம் புதிய ஆட்ட முறையைப் புகழ்ந்து, எதிரணி வீரர்களைப் பத்திரிகைகளில் கேலி செய்திருந்தார். அப்போது 61 வயதான பி.கே. ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர். கேலிக்குக் கேலி விடையாகாது என்பதை அவர் அறிவார். விடையை ஆட்டக்காரர்களின் கால்களுக்கு விட்டுவிட்டார். இளைஞர் பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது.

நாவைப் பற்றித் திருத்தூதர் யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரித்திருப்பதை நாம் அறிவோம். சிறிய உறுப்பாயினும் பெருங்காட்டைக் கொளுத்தவும் வல்லது அது. அதே நா, சரிந்து கிடப்பவனைத் தூக்கி நிறுத்தவும் வல்லது. நம் வீடுகளில் பிள்ளை தேர்வில் தவறும்போது, பந்தயத்தில் தோற்கும்போது நாம் எந்த நாவைப் பயன்படுத்துகிறோம்? கேலியின் நாவையா, மருந்தின் நாவையா?

ஒலிவாங்கியின் முன்

பயிற்சிப் பணியின் நடுவிலும் அதற்குப் பின்னும், ஆட்டத்தை விளக்கும் நிபுணராகப் பி.கே. தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் இடம்பெற்றார். களத்தில் வியர்வை சிந்தியவரின் விளக்கத்திற்குத் தனி மதிப்பு உண்டு. கோலைத் தவறவிட்டவனைக் கூட்டம் திட்டும்போது, அந்தக் கணத்தில் பந்து எப்படித் துள்ளியது, காலை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று சொல்ல அவனைப்போல் தவறவிட்டு அறிந்த ஒருவரால்தான் இயலும்.

முன்கள வீரர், பயிற்சியாளர், வர்ணனையாளர் என்ற இம்மூன்று படிகளும் உலகின் பிற பகுதிகளிலும் பழக்கமானவையே. இத்தாலி நாட்டின் கிரெமோனா நகரில் 1964-இல் பிறந்த ஜான்லூக்கா வியாலி அதற்கோர் எடுத்துக்காட்டு. சம்ப்டோரியா அணிக்காக ஆடி, 1990-91 பருவத்தில் 19 கோல்களுடன் இத்தாலிய லீகின் தலைசிறந்த கோலடிப்பாளரானார். அவர் அணி பட்டமும் வென்றது. 1992-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் லண்டன் வெம்பிளி அரங்கில் தோற்று, வெறுங்கையுடன் திரும்பினார். 1996-இல் யுவென்டஸ் அணித்தலைவராக அக்கோப்பையைக் கையில் ஏந்தினார். 1998-இல் இங்கிலாந்தின் செல்சி கழகத்தில் ஆட்டக்காரராக இருந்தபடியே பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றார். அதன்பின் இத்தாலியத் தொலைக்காட்சியில் ஆட்டத்தை விளக்கும் குரலானார்.

2017-இல் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. நோயுடன் போராடியபடியே, தம் பழைய தோழர் ரொபெர்த்தோ மன்சீனி பயிற்சியளித்த இத்தாலிய அணியுடன் 2019 முதல் பணியாற்றினார். 2021 ஜூலை 11 அன்று அதே வெம்பிளியில் இத்தாலி ஐரோப்பிய வாகையரானபோது, 1992-இல் அங்குத் தோற்ற அவ்விருவரும் கட்டித் தழுவிக் கண்ணீர் விட்டதை உலகமே கண்டது. 2023 ஜனவரி 6 அன்று, மூவரசர் திருநாளில், 58-ஆம் வயதில் வியாலி மறைந்தார். ஓடும் வலிமை போனபின்னும் உடனிருக்கும் வலிமை போவதில்லை என்பதே அவர் வாழ்வின் இறுதிப் பாடம்.

ஆட்டமும் வெறியும்

ஒளியைக் கூறிய நாம் நிழலையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். 1975-இல் மோகன் பகான் 5-0 எனத் தோற்றபோது, அக்கழகத்தின் மீது பற்றுக்கொண்ட இளைஞன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் இவ்விரு அணிகளும் ஆடியபோது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் மடிந்தனர். காலையில் பந்தாட்டம் பார்க்கப் புறப்பட்ட மகன் மாலையில் உயிரற்ற உடலாக வீடு திரும்பினால், அந்தத் தாய்க்கு எந்தக் கோப்பை ஆறுதலாகும்?

அந்தத் துயரிலிருந்து ஒரு நன்மையும் விளைந்தது. இறந்தோர் நினைவாக ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 அன்று கல்கத்தாவில் இரத்ததானம் நடைபெறுகிறது. வீணாகச் சிந்திய இரத்தத்திற்குக் கழுவாயாக, விரும்பித் தரும் இரத்தம்! ஆயினும் நாம் நினைவில் இருத்த வேண்டியது ஒன்று. எந்த அணியும் வழிபடத்தக்க தெய்வமன்று. ஆட்டம் உறவை வளர்க்கும் வரையில்தான் அது ஆட்டம். நம் பங்குத் திருவிழாக்களை ஒட்டி நடக்கும் பந்தயங்களிலும் ஊருக்கும் ஊருக்கும் இடையே கைகலப்பு நேர்வதுண்டு. அப்படி நேருமாயின், கோப்பை வென்ற ஊரும் தோற்ற ஊரே.

மலைக்குச் சொல்லும் செய்தி

பி.கே. 1991 முதல் 1997 வரை ஜாம்ஷெட்பூரிலுள்ள டாட்டா கால்பந்துப் பயிற்சிக் கழகத்தின் தொழில்நுட்ப இயக்குநராகப் பணியாற்றினார். சிறுவனாகப் பந்தாடிய அதே நகருக்கு, நாடெங்கும் இருந்து வந்த சிறுவர்களுக்குக் கற்பிக்கத் திரும்பினார். 1990-இல் பத்மஸ்ரீ விருதும், 2004-இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் நூற்றாண்டுச் சிறப்பு விருதும் அவரை அடைந்தன. 2020 மார்ச் 20 அன்று கொல்கத்தாவில் தம் 83-ஆம் வயதில் அவர் காலமானார். அவர் பிறந்த ஜூன் 23-ஐ அடித்தளக் கால்பந்து நாளாக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது. சிறுவர்களின் முதல் உதையைப் போற்றும் நாள் அது. தங்கம் வென்ற நாளைக் காட்டிலும் இதுவே அவருக்கேற்ற நினைவுச் சின்னம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி, பெற்றோரின் கேள்விக்கு வருவோம். பந்து சோறு போடுமா? பந்து மட்டுமே போடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. பல்லாயிரம் பேர் ஆடும் ஆட்டத்தில் சிலரே நாட்டின் சட்டையை அணிகின்றனர். ஆகவே மகனின் கையிலிருந்து புத்தகத்தைப் பறித்துவிட்டுப் பந்தைக் கொடுக்க வேண்டாம். பந்தைப் பறித்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுக்கவும் வேண்டாம். பி.கே. ரெயில்வே ஊழியராக இருந்துகொண்டே ஒலிம்பிக் சென்றார் என்பதை மறவாதீர்கள். இன்றும் ரெயில்வே, காவல்துறை, இராணுவம், வங்கிகள் ஆகியவற்றில் விளையாட்டு வீரர்களுக்கெனப் பணியிடங்கள் உண்டு. அவற்றிற்கும் பள்ளிப் படிப்பு வேண்டும்.

பெண் பிள்ளைகளையும் நாம் மறந்துவிடலாகாது. 2018-இல் தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதியில் வலிமை மிக்க மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாட்டு மகளிர் வாகை சூடினர். 2019-இல் மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. சிற்றூர்களிலும் கடலோரங்களிலும் பிறந்த பெண்கள் அவ்வெற்றிகளில் பங்கு கொண்டனர். ஆண்கள் வரிசையில், நம் தமிழகத்து ராமன் விஜயன் 1997-98 தேசிய லீகில் கொச்சி அணிக்காக 10 கோல் அடித்து முதலிடம் பெற்றார். அவரும் பின்னர் பயிற்சியாளராகித் தாம் பெற்றதை இளைஞர்களுக்கு வழங்கத் தொடங்கினார்.

இப்படிப் பெற்றதை வழங்கும் வழக்கம் திருச்சபைக்குப் புதிதன்று. புனித தொன் போஸ்கோ தூரின் நகரத்து ஏழைச் சிறுவர்களை முதலில் விளையாட்டால் கூட்டிச் சேர்த்தார். பின்னரே செபமும் தொழிலும் கற்பித்தார். அவர் நிறுவிய சலேசிய சபையார் 1906-இல் தஞ்சைக்கு வந்தபோது அந்த மரபையும் உடன் கொண்டு வந்தனர்.

கொல்லிமலைக்கோ தொலைவில் தேட வேண்டிய தேவையும் இல்லை. 1914-இல் இம்மலையில் பிறந்த குழந்தை ஒன்று பின்னாளில் மருத்துவர் பால் பிராண்டு என்று உலகப் புகழ் பெற்றது. அவர் பெற்றோர் பிற சபையைச் சேர்ந்த நற்செய்திப் பணியாளர்கள். தந்தை 1929-இல் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். மகன் மருத்துவம் பயின்று வேலூர் வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். தம் கை கற்ற வித்தையைத் தம்முடன் முடித்துக்கொள்ளாமல் பிற மருத்துவர்களுக்கும் கற்பித்தார். அவர் 2003-இல் மறைந்தார், அவ்வித்தை மறையவில்லை. காலின் திறமையாயினும் கையின் திறமையாயினும் இறைவனின் கணக்கில் விதி ஒன்றே: பெற்றவன் வழங்க வேண்டும்.

ஆகவே நம் பங்குகளிலுள்ள இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒரு காலத்தில் நன்றாகப் பந்தாடி, இன்று வயலிலோ கடையிலோ அலுவலகத்திலோ உழைக்கும் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். முழங்கால் வலிக்கிறது என்று ஒதுங்கியிருப்பார். அவரிடம் செல்லுங்கள். வாரத்தில் ஒருநாள் மாலை பிள்ளைகளுக்குக் கற்பிக்க வருமாறு கேளுங்கள். அவர் ஓட வேண்டியதில்லை. நின்று பார்த்து, தவறைத் திருத்தி, தோற்றவனிடம் நல்ல சொல் ஒன்று சொன்னால் போதும். பெரியவர்களே, உங்கள் காலம் முடிந்துவிட்டது என்று நீங்களே தீர்ப்புக் கூறிக்கொள்ளாதீர்கள். அழைப்பு வரும்வரை காத்திராமல், வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு பந்துடன் மைதானத்திற்குச் செல்லுங்கள். பிள்ளைகள் தாமாகவே உங்களைச் சூழ்ந்துகொள்வர்.